நாற்பத்தொரு காலி அட்டைகள்

காலை ஏழு மணிக்கு அவள் செங்கல் சூளைக்குள் நுழையும்போது பெண்கள் கல் அறுக்க ஆரம்பித்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். முழங்கால் வரை சேறு. யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். நிமிர்ந்தால் ஒரு கல் குறையும். அச்சில் மண்ணை அறைந்து, மேலே வழித்து, கவிழ்த்துவிட்டு அடுத்ததற்குக் குனிய வேண்டும். வாயாடி என்று பேர் வாங்கியவள் மட்டும் குனிந்தபடியே குரல் கொடுப்பாள்.

"மாத்திரைக்காரி வந்தாச்சு. அட்டைய எடுங்கடி."

இடுப்பு மடிப்பிலிருந்தும் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியிலிருந்தும் அட்டைகள் வரும். ஒவ்வொன்றிலும் ஏழு குழி, ஏழும் காலி. எண்ணி, தாளில் குறித்து, புது அட்டை கொடுப்பாள். நாற்பத்தொரு பெண்கள், நாற்பத்தொரு அட்டைகள். பன்னிரண்டு வாரத்தில் ஒரு மாத்திரைகூட மிச்சம் வந்ததில்லை.

உடலை முறித்து வேலை செய்யும் பெண்களுக்குத் தினம் ஓர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் ரத்தம் எவ்வளவு ஊறுகிறது என்று பார்க்கும் ஆய்வு அது. அட்டை கொடுப்பது, காலி அட்டை வாங்குவது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை விரலில் குத்தி ரத்தம் பார்ப்பது அவள் வேலை. அவளும் இதே சூளையின் புழுதியில் தவழ்ந்தவள்தான். அவள் அம்மா கல் சுமந்து சுமந்து கழுத்து எலும்பு தேய்ந்து போனவள். படித்து வெளியே போன ஒருத்தி அவள். இப்போது காலில் செருப்பு, தோளில் பை, கையில் பேனா. அந்த நாற்பத்தொரு பேரில் அவளுடைய அண்ணியும் உண்டு. வயிற்றில் ஆறு மாதம்.

போன வாரம் ரத்தம் பார்த்தாள். யாருக்கும் ஏறவில்லை. சிலருக்கு இறங்கியிருந்தது. கர்ப்பிணிக்கு ரத்த அளவு குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும். அண்ணிக்கு எட்டு புள்ளி இரண்டாக இருந்தது, ஏழு புள்ளி ஒன்றாகியிருந்தது. அவள் அலுவலகத்துக்கு ஓடி மேற்பார்வையாளரிடம் சொன்னாள். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஏழுக்குக் கீழே போனால்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி விதி, இது ஏழுக்கு மேலேதானே என்றார். அதோடு அவளைப் பாராட்டவும் செய்தார். வேறெந்தச் சூளையிலும் நூற்றுக்கு நூறு மாத்திரை போகவில்லையாம். வெள்ளிக்கிழமை அறிக்கை போகிறது. பெண்கள் ஒழுங்காகச் சாப்பிட்டும் பலன் இல்லை, ஆகவே சூளைகளுக்கு மாத்திரை கொடுப்பதை நிறுத்தலாம் என்று எழுதியாகிவிட்டது.

அன்றிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டாள். பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டாள். சாப்பிட்ட மாத்திரை எங்கேதான் போகிறது?

திங்கட்கிழமை அட்டைகளை வாங்கியபின் கிளம்பாமல், பச்சைக்கல் காயப்போட்டிருந்த வரிசைகளுக்கு நடுவே மேலும் கீழும் நடந்தாள். கால் தட்டி ஒரு கல் விழுந்து இரண்டாக உடைந்தது. சுடாத மண், மாவு போல விட்டது. எடுத்து ஓரமாக வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். உடைந்த முகத்தில் குங்குமம் ஈஷியது போல ஒரு சிவப்பு. நடுவில் பாதி கரைந்த மாத்திரை. வேண்டுமென்றே இன்னொரு கல்லை உடைத்தாள். அதில் இல்லை. மூன்றாவதில் இரண்டு இருந்தன.

துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு மண்குழிக்கு வந்தாள். அச்சுகளின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. யாரோ சிரித்தார்கள்.

"எங்களுக்குத்தான் ஏறல. கல்லுக்காவது ரத்தம் ஏறட்டுமேன்னு விட்டோம்," என்றாள் வாயாடி. இவள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. விடிவதற்கு முன் எழுந்து வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டால் குமட்டுகிறது, குனிந்து மண் அறையும்போது வாந்தி வருகிறது. நாலு நாள் சாப்பிட்டால் வயிறு கல்லாக இறுகிவிடுகிறது. இறுகினது எப்போது இளகும் என்று சொல்ல முடியாது, சூளையிலோ பெண்களுக்கு ஒதுங்க ஒரு மறைவு கிடையாது, இருட்டும் வரை அடக்க வேண்டும். முதல் வாரம் முயன்றார்கள். இரண்டாம் வாரத்தில் விட்டுவிட்டார்கள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்க கேட்ட? அட்டைய கேட்ட, குடுத்தோம்," என்றாள் வாயாடி.

அண்ணி அச்சைக் கீழே வைத்தாள். "மாத்திரை மிச்சம் விழுந்தா என்னைத்தான் மேல கேப்பாங்கன்னு முதல் வாரமே நீ சொன்னேல்ல. நம்ம பொண்ணு ஒருத்தி மண்ணுலருந்து தப்பிச்சுப் போயிருக்கா, அவ வேலைக்கு நாம உலை வைக்கக் கூடாதுன்னு நான்தான் இவங்ககிட்ட சொன்னேன்."

அப்படிச் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. பாதி விளையாட்டாகச் சொன்னது. அவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அலுவலகத்தில் அவள் நடந்ததைச் சொல்ல, மேற்பார்வையாளர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். இதை இப்போது சொன்னால் பன்னிரண்டு வாரமும் பொய்யாகிவிடும், முதலில் அவள் வேலை போகும், அடுத்து அவர் வேலை போகும், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். அந்த மண்துண்டைக் குப்பையில் போடச் சொன்னார்.

அவள் போடவில்லை. பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தாள். வியாழக்கிழமை ஏதோ ஒரு சாக்குச் சொல்லிச் சூளைக்குப் போனாள். அண்ணி தலையில் கல்லோடு பத்தடி நடந்தாள், நின்றாள், யாரிடமும் சொல்லாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது. நகம் வெளுத்திருந்தது. ஒன்றுமில்லை, வெயில் என்றாள். எழுந்து மறுபடி கல்லைத் தூக்கினாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வுத் தலைவியான பெரிய டாக்டர் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது, அவள் யாரும் கூப்பிடாமலே உள்ளே போய் மேசையில் மண்துண்டை வைத்தாள். காகிதமெல்லாம் புழுதி. மேற்பார்வையாளர் சுவரைப் பார்த்தார்.

"இதுக்குள்ள இருக்கறது உங்க மாத்திரைங்க மேடம். யாருமே முழுங்கல. காலி அட்டைய எண்ணினேன், அவங்களை ஒரு வார்த்தை கேக்கல. தப்பு என்னோடது."

டாக்டருக்கு முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு வருட உழைப்பு, வெளிநாட்டு மானியம், கூட்டத்தில் என்ன பதில் சொல்வது என்று பொரிந்து தள்ளினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எங்க அண்ணிக்கு இன்னிக்கு ஒருவாட்டி ரத்தம் பாருங்க, அப்புறம் என்னை அனுப்பிடுங்க என்றாள். டாக்டர் பேனாவை மூடினார்.

மதியம் ஜீப் சூளைக்கு வந்தது. அண்ணிக்கு ஆறு புள்ளி ஆறு. டாக்டர் இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தார், மறு விரலில் குத்திப் பார்த்தார். அதே எண். அண்ணியை ஜீப்பில் ஏறச் சொன்னார். பிறகு மற்ற பெண்களிடம், ஏன் இப்படிச் செய்தீர்கள், நீங்கள் கொடுத்த காலி அட்டையை நம்பிச் சூளைகளுக்கெல்லாம் மாத்திரை வேண்டாம் என்று எழுதப் பார்த்தோமே என்றார்.

வாயாடி கை மண்ணை வழித்துவிட்டு எழுந்தாள்.

"அம்மா, இங்க கல்லை எண்ண ஒரு மேஸ்திரி இருக்கான். அவன் எங்க மூஞ்சியப் பாக்க மாட்டான், கல்லைத்தான் பாப்பான். நீங்களும் அட்டைய எண்ணிட்டுப் போனா, அவனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? காலி அட்டை எங்கன்னு கேட்டீங்க. எப்ப சாப்பிடுற, சாப்பிட்டா என்ன பண்ணுது, ஒதுங்க இடம் இருக்கான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

டாக்டர் ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து தாளைப் புரட்டி, அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை. மறைவுக்கு நாலு சுவர். சூளை முதலாளியிடம் அவரே பேசுவதாகச் சொன்னார். கல்லுக்கா பஞ்சம், நாங்களே கட்டிக்கிறோம் என்றாள் வாயாடி.

அறிக்கை போகவில்லை. மாத்திரைக்காரியின் வேலை இந்த மாதத்தோடு முடியுமா, நீளுமா என்று யாரும் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அண்ணியின் கையில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, உட்காரேன், ஏன் இப்படி நிலைகொள்ளாம தவிக்கிற என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"உனக்கு நல்லது பண்ணப் போய் உன் வேலைக்கே வினையா முடிஞ்சுதே."

"நீங்க எனக்காகப் பொய் சொன்னீங்க அண்ணி. நான் எனக்காக அதை நம்பினேன். எனக்கும் அதுதான் வசதியா இருந்துச்சு." நாற்காலியை இழுத்துப் போட்டு, பல நாளுக்குப் பிறகு உட்கார்ந்தாள். "மருந்தைக் கையில குடுத்துட்டா கடமை முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன். அது உங்க தொண்டைல இறங்குதா, உடம்புல ஒட்டுதான்னு உங்க வாயாலயே கேட்டுத் தெரிஞ்சுக்கணும். கேக்காம எழுதுற எந்தக் கணக்கும் யாருக்கும் ஒரு சொட்டு ரத்தத்தைக் குடுக்காது."

அண்ணி கையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அப்போ இப்பவே கேளு," என்றாள். "ஊசி குத்தின இடம் வலிக்குது."