ஸ்கேல் கேட்ட ஓட்டுநர்

பயணி ஒருவரைக் கன்னத்தில் அறைந்ததற்காக டிப்போ மேலாளர் அந்த ஓட்டுநரை ஓவியச் சிகிச்சையாளரிடம் அனுப்பினார். அவள் நான்கு முறை பார்த்து, 'ஓட்டலாம்' என்று எழுதித் தந்தால்தான் மறுபடி பேருந்து. இருபத்திரண்டு வருடம் ஓட்டியவருக்கு அது முகத்தில் காறித் துப்பியது போலிருந்தது.

மேஜைமேல் பென்சில், கிரேயான், வாட்டர்கலர், களிமண் எல்லாம் பரப்பியிருந்தாள்.

"எது பிடிக்குதோ எடுத்துக்கங்க சார்."

"என் பொண்ணு எல்கேஜியிலயே இதெல்லாம் முடிச்சிட்டா மேடம்," என்றவர் பென்சிலை எடுத்துக்கொண்டு ஸ்கேல் கேட்டார். ஒரு சாலையை அளந்து அளந்து வரைந்தார். மயிரிழை விலகினாலும் அழித்தார். தாள் கிழிந்தது. அவள் ஏதோ குறித்தாள்.

"என்ன எழுதுறீங்க? கோடு கோணலாப் போனா பைத்தியமா?"

"கோணலாவே போகலையே சார். அதத்தான் எழுதுறேன்."

மறுவாரமும் அதே சாலை, அதே ஸ்கேல்.

மூன்றாம் வாரம் மேஜையில் ஈரத்தாளும் வாட்டர்கலரும் மட்டுமே இருந்தன. முறைத்தபடி ஒரு நீலக்கோடு இழுத்தார். ஈரத்தில் அது கசிந்து கிளை விட்டது. கட்டைவிரலால் தடுத்தார், இன்னும் ஓடியது. நெற்றி வியர்த்தது. மேஜைக்கடியில் வலது கால் தரையை அழுத்தி மிதித்தது. திடீரென்று தண்ணீர்க் குவளையைச் சுவரில் விட்டெறிந்தார்.

"வேணும்னேதானே செஞ்சீங்க?"

"ஆமா. எது உங்க கைக்கு அடங்கலைன்னா தாங்கமாட்டீங்கன்னு பாக்கணும்."

"அடுத்தவன் வயித்தெரிச்சலக் கிளறுறதுக்கு உனக்குச் சம்பளமா?"

அவள் மேஜைக்கடியில் பார்த்தாள். குரலை நடுங்கவிடவில்லை. "கால் எதுக்கு சார் தரைய மிதிச்சுது?"

குனிந்து பார்த்தார். கால் இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

"பிரேக் பிடிக்கல," என்று கத்தினார். "மழை, இறக்கம், உள்ள நாப்பது பேரு. மூணு தடவை எழுதிக் குடுத்தேன், ஒருத்தனும் மதிக்கல. மண்மேட்டுல ஏத்தி நிறுத்தினேன். அப்பறம் உள்ள இருந்த ஒருத்தன் வந்து, குடிச்சிட்டியான்னு கேட்டான். விட்டேன் ஒண்ணு."

நான்காம் வாரம் கையைக் கட்டிக்கொண்டு எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

கோட்டையும் வண்ணத்தையும் மட்டும் வைத்து அவள் தீர்ப்பு எழுதவில்லை. அவர் வாயால் சொன்னதையும் சேர்த்தாள். பிடி நழுவினால் கை நீளும் நிலையில் இருக்கிறார், மூன்று மாதம் ஓட்டக்கூடாது, வாராவாரம் வரவேண்டும், பிரேக் பற்றி அவர் கொடுத்த புகார்களை டிப்போவில் தேட வேண்டும் என்று எழுதினாள்.

மேலாளர் போனில் பாய்ந்தார். "ஆளப் பாக்கச் சொன்னா வண்டியப் பத்தி எழுதுவீங்களா?"

"ஆளப் பாத்தப்பதான் சார் வண்டி தெரிஞ்சுது."

போன் பட்டென்று துண்டிக்கப்பட்டது. டிப்போவில் புகார் எதுவும் இல்லை என்றார்கள். ஓட்டுநரின் மனைவி, வீட்டில் அவர் வைத்திருந்த புகார் நகல்கள் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்த் தொழிற்சங்கத்தில் கொடுத்தாள். வேறு வழியில்லாமல் அந்த வண்டியை நிறுத்தினார்கள். அவரைப் பேருந்து நிலையத்தில் நேரம் சொல்லும் விசாரணை ஜன்னலில் உட்காரவைத்தார்கள்.

ஐந்தாம் வாரம் கதவை உதைக்காத குறையாக வந்தார்.

"உங்களாலதான் பஸ் எத்தன மணிக்குன்னு கேக்கறவனுக்கெல்லாம் பதில் சொல்லிட்டிருக்கேன்."

"தெரியும்."

"மன்னிப்பெல்லாம் கேக்கமாட்டேன்."

"நானும் கேக்கமாட்டேன். ஓட்டக்கூடாதுன்னு எழுதினது சரிதான்."

அவளை எரித்துவிடுவது போல் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கிரீச்சென்று இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.