பின்னால் கேட்ட குரல்

ஹூரியாவுக்கு அன்றுதான் தனி அறை கொடுத்தார்கள். அன்னாபா துறைமுகத்தை ஒட்டிய பழைய கட்டடத்தின் மாடி. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, அதன்மேல் முகம் துடைக்கக் காகிதப் பெட்டி. ஐம்பத்து மூன்று வயதில் அவள் பயிற்சி உளவியலாளர். அதுவரை பள்ளியில் வேதியியல் நடத்தியவள். பல்கலைக்கழகத்தில் முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது, பேராசிரியை என்று நினைத்துப் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். "உக்காருங்கப்பா, நானும் உங்களோட சேர்ந்து ஃபெயிலாக வந்தவதான்" என்றாள். ஆனால் எல்லாப் பரீட்சையிலும் தேறிவிட்டாள்.

இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்களிடம், மகன் மார்செய்யில் வேலையில் இருக்கிறான், வீட்டில் பொழுது போகவில்லை என்பாள். நஸீம் மார்செய்யில் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை குளித்துத் தலைவாரிக் கிளம்பியவன், கடல் தாண்டி சர்தீனியாவுக்குக் கள்ளப்படகேறிவிட்டதாக அவன் சிநேகிதன் வந்து சொன்னான். அதன்பிறகு எந்தத் தகவலும் இல்லை. அவன் சட்டைகளை அவள் அவ்வப்போது துவைத்து, அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே காயப்போடுவாள். யாரோ இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி வீடு முழுக்க ஈரவாசனை இருக்கும். அந்தச் சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் படித்தாள்.

பயிற்சிக்குப் பொறுப்பான டாக்டர் ரீம் வயதில் சின்னவர். முதலிலேயே கேட்டிருந்தார். "படகுல போய்க் காணாமப்போன பசங்களோட அம்மாமாருங்கதான் இங்க வருவாங்க. உங்க வீட்டுல அப்படி ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. வேற பிரிவு போட்டுத் தரேன். பின்னால தெரிஞ்சா பயிற்சியே ரத்தாயிடும்."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்."

அந்த அம்மாக்கள் வரும் இடத்தில் இருப்பதற்காகத்தான் அவள் இவ்வளவும் படித்தாள். அதை ரீமிடம் எப்படிச் சொல்வது?

முதலில் வந்தவள் மெஸௌதா. குவெல்மா பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். ஹூரியாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டாக்டருன்னாங்க. பாத்தா எங்க நாத்தனா மாதிரி இருக்க."

"நல்ல நாத்தனாவா, கெட்ட நாத்தனாவா?"

"நாத்தனாவுல நல்லவ வேற இருக்காளா?" என்று உட்கார்ந்தாள். தன் மகன் ஃபாரூக்கைப் பற்றி நிதானமாகச் சொன்னாள். ஊரில் அவனுக்கு இறுதித் தொழுகை நடத்திவிடலாம் என்கிறார்களாம். "உடம்பு இல்லாம எதைக் குளிப்பாட்டுறது, சொல்லு?"

பிறகு போனை எடுத்தாள். கரை மறைவதற்குள் அவன் படகிலிருந்து அனுப்பிய குரல்பதிவு.

இயந்திரத்தின் இரைச்சல். காற்று. "அம்மா, எல்லாரும் நல்லா இருக்கோம், எங்களுக்காக துஆ செய்யி…" அதற்குப் பின்னால், சற்றுத் தள்ளி, வேறொரு குரல்: "போ… போ… போனை உள்ள வைடா, நனைஞ்சிடும்."

பேச ஆரம்பித்த வயதிலிருந்தே நஸீமுக்கு அந்த எழுத்து மட்டும் திக்கும். ஹூரியா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எதிரில் இருப்பவரின் துக்கத்துக்குள் உன் துக்கத்தைக் கொண்டுபோகாதே என்று படித்திருந்தாள், பரீட்சையில் எழுதியும் இருந்தாள்.

"அந்தத் திக்குவாய்ப் பையன் யாரோ தெரியல" என்றாள் மெஸௌதா. "அவனுக்கும் பெத்தவ ஒருத்தி இருப்பா இல்ல? எத்தனையோ பேர்கிட்ட போட்டுக் காமிச்சிட்டேன்."

"இன்னொரு தடவை போடுங்க."

மெஸௌதா போடவில்லை. ஹூரியாவின் முகத்தையே பார்த்தாள்.

"அவன் பேரு நஸீம்" என்றாள் ஹூரியா.

கதவுக்கு வெளியே ரீம் யாரிடமோ பேசியபடி நெருங்கி வரும் சத்தம் கேட்டது. மெஸௌதா தன் நாற்காலியை இழுத்து, மேஜையைச் சுற்றி வந்து, ஹூரியாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"அஞ்சு வருஷமா உன் பிள்ளையையும் சேர்த்துத்தான்டி கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். "அதட்டுறதுக்கு முன்னால கொஞ்சமா சிரிப்பான். நீ கவனிச்சிருக்க மாட்ட."

போன் திரையைப் பார்க்காமலே அவள் கட்டைவிரல் அந்த இடத்துக்குப் போய் அழுத்தியது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன, திரைச்சீலை அசையவில்லை. அறை முழுக்கக் கடல்காற்று இரைந்தது.