மஞ்சள் கைடில் ஒரு கோடு

‘வாட்டர்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு வினைச்சொல் என்ன? வங்கதேசத்து மைமன்சிங்கில், பெண்கள் தங்கிப் படிக்கும் மெஸ்ஸில் கட்டில் முழுக்கக் கைடுகளை விரித்து உட்கார்ந்திருந்த ரெஹ்னுமாவுக்கு இரண்டு பதில்கள் கிடைத்திருந்தன. ஒன்றில் ‘இரிகேட்’. ஊரே மனப்பாடம் செய்யும் மஞ்சள் கைடில் வெறும் ஒரு கோடு.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் தேர்வு. அடுத்த தேர்வுக்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். போன முறை ஒரே ஒரு மதிப்பெண்ணில் போயிற்று.

“கோடுன்னா இல்லைன்னு அர்த்தம்டி” என்றாள் அறைத்தோழி லிபிகா, பொரியில் கடுகெண்ணெய் விட்டுக் கலந்தபடி. “கோச்சிங்ல நானூறு பேரும் அப்படித்தான் படிச்சோம். போன தடவை நானும் ‘எதுவுமில்லை’ன்னுதான் டிக் அடிச்சேன்.”

“பாஸானியா?”

“ஆயிருந்தா உன்கூட உக்காந்து பொரி தின்னுட்டிருப்பேனா?”

வங்காள மொழியில் பல பெயர்ச்சொற்களோடு ‘கோரா’, அதாவது ‘செய்’, என்று ஒன்றைக் கோத்தால் வினையாகிவிடும். அந்தப் பழக்கத்தில் ரெஹ்னுமா ஆங்கிலத்திலும் எதையாவது ஒட்டவே பார்த்தாள். பியூட்டிக்கு வால் ஒட்டினால் பியூட்டிஃபை. டேஞ்சருக்குத் தலை ஒட்டினால் எண்டேஞ்சர். அப்படியென்றால் இது வாட்டரைஸா, என்வாட்டரா என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

“மருந்து பேரு மாதிரி இருக்கு. சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“சும்மா இருடி, தலை சுத்துது.”

வேறு எந்தச் சொற்களுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள் என்று விரலை வைத்துக்கொண்டே அட்டவணையில் இறங்கினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

“லிபி, ஹெல்ப்புக்கும் கோடுதான் இருக்கு.”

“அதனால?”

“ஆத்துல விழுந்தா ‘ஹெல்ப் மீ’ன்னு கத்துவோமே, அது வினை இல்லாம வேற என்ன?”

“அப்போ அச்சடிச்சவன் தப்பு.”

“ஹோப், டான்ஸ், வாக், எல்லாத்துக்கும் கோடுடி. இத்தனை இடத்துலயுமா தப்பு பண்ணுவான்?”

லிபிகாவின் கை பொரியிலேயே நின்றுவிட்டது. “ஐயோ, நானூறு பேருடி!”

ரெஹ்னுமா அகராதியைப் புரட்டினாள். ‘வாட்டர்’ என்ற ஒரே சொல்லின் கீழ் முதலில் பெயர்க்குறி, அடுத்து வினைக்குறி: செடிக்கு நீர் ஊற்று. ‘டேஞ்சர்’ பக்கத்தில் பெயர்க்குறி மட்டும்தான் இருந்தது. ‘இரிகேட்’ பொருளில் நெருங்கிய வேறொரு சொல்லே தவிர, வாட்டரின் வினைவடிவம் அல்ல.

“பரீட்சை ஹால்ல அகராதி எங்க இருக்கும்?” என்றாள் லிபிகா.

அதுவும் சரிதான். ரெஹ்னுமா சொல்லுக்கு முன்னால் ‘அவள்’ என்பதைப் போட்டுச் சொல்லிப் பார்த்தாள். ‘ஷி ஹெல்ப்ஸ் மீ’ நின்றது. ‘ஷி வாட்டர்ஸ் த பிளான்ட்ஸ்’ நின்றது. ‘ஷி டேஞ்சர்ஸ் மீ’ நொண்டியது.

பென்சிலை எடுத்து மஞ்சள் கைடின் ஓரத்தில் எழுதினாள்: ‘கோடு என்றால் அதே சொல். முன்னால் ஆளை வைத்து வாக்கியமாக்கிப் பார். நின்றால் பெயர்ச்சொல்லே வினைச்சொல். நொண்டினால் மட்டும் தலையோ வாலோ தேடு.’