என் பெயரில் ஒரு பாட்டில்

ஒரு பள்ளி ஆசிரியை மது அருந்தியதைப் பற்றி எழுதுவது சிலருக்கு முகச்சுளிப்பை உண்டாக்கலாம். அவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அதை விட்டுவிட்டு என் தோழி ருக்மிணியைப் பற்றிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

புனேயின் கோந்த்வா பகுதியில் நாங்கள் வசிக்கும் கட்டடத்தில் அவள் வீடு ஐந்தாம் மாடியில் இருக்கிறது. என் வீடு மூன்றாம் மாடியில். என் கணவர் ஜோஷுவா சரக்குக் கப்பலில் பொறியாளர். வருடத்தில் ஏழு மாதம் கடலில் இருப்பார். திண்டுக்கல்லிலிருந்து வந்த எனக்கு, பள்ளியில் ஆங்கிலமும் வெளியே தப்பும் தவறுமான இந்தியுமாகக் கழிந்த நாட்களில், வாய்விட்டுத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே துணை ருக்மிணிதான். அவள் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள்; பேச்சுக்கு நடுவே ‘அரே’, நண்பர்களைச் சொல்லும் ‘யார்’ என்று இந்தி கலந்துவிடும். விமான் நகரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் அலுவலகத்தில் எல்லோரையும் நாசிக் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தவள் அடுத்த சனிக்கிழமை மதியம் ஒரு கையில் மோர்க்குழம்பும் மறு கையில் செய்தித்தாள் சுற்றிய பாட்டிலுமாக என் வாசலில் நின்றாள்.

“அமலு, கண்ணை மூடிண்டு ஒரு வாய் குடி. பிடிக்கலேன்னா ஸிங்க்ல கொட்டிடு, யார்.”

என் தந்தை குடியை அறவே வெறுத்தவர். இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்த பிறகே எங்களுக்குக் கொடுப்பார். இதை அவளிடம் சொன்னேன்.

“உங்கப்பா திண்டுக்கல்ல இருக்கார். மோர்க்குழம்பு இங்க ஆறிண்டிருக்கு” என்றாள்.

குடித்தேன். செனின் பிளாங்க் என்று பெயர் சொன்னாள். பச்சை ஆப்பிளைக் கடித்ததுபோல் இலேசான புளிப்பு. அதன் பின்னால் ஒரு சிறு இனிப்பு. மோர்க்குழம்பின் காரத்தை அது மெதுவாகத் துடைத்துவிட்டு, அடுத்த கவளத்துக்கு நாக்கைத் தயாராக வைத்தது. நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன். ருக்மிணி கைதட்டிச் சிரித்தாள்.

அன்று முதல் சனிக்கிழமை மதியம் எங்களுடையதாயிற்று. அன்றாடச் சாப்பாட்டோடு பொருந்தும் மலிவான வைனைக் கண்டுபிடிப்பது எங்கள் பொழுதுபோக்கு. “எழுநூறுக்கு மேல போனா அது வைன் இல்ல, ஈஎம்ஐ” என்பது ருக்மிணியின் சட்டம். இந்த ஊரில் சாராயக் கடைகள் எல்லாவற்றின் பலகையிலும் ‘வைன்ஸ்’ என்றுதான் எழுதியிருக்கும். உள்ளே உண்மையான வைன் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடக்கும். வெயில் படும் கண்ணாடியருகே நிற்கும் பாட்டிலைத் தொடக்கூடாது, வெள்ளை வைன் என்றால் லேபிளில் ஆண்டு பார்க்க வேண்டும், கார்க்கைவிடத் திருகு மூடி மேல் என்பதையெல்லாம் பல பாட்டில்கள் ஏமாற்றிய பிறகே கற்றோம்.

வத்தக்குழம்போடு ஷிராஸ் என்ற சிவப்பு வைன் குடித்த நாளை மறக்க முடியாது. புளியும் துவர்ப்பும் சேர்ந்து, வாய் முழுக்கக் கொட்டைப்பாக்கை மென்றது போலாகிவிட்டது. அதே ஷிராஸை இருபது நிமிடம் குளிரவைத்து எண்ணெய்க் கத்தரிக்காயோடு குடித்தபோது, சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததையும் இருவரும் வழித்துச் சாப்பிட்டோம். புளியோதரைக்கு ரோஸே என்ற இளஞ்சிவப்பு வைன் பொருந்தும் என்பது என் கண்டுபிடிப்பு. அன்று மட்டும் ருக்மிணியின் கணவர் முகுந்த் எங்களோடு உட்கார்ந்தார். இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, “அமலா, கோவில் பிரசாதத்துக்கே ஜோடி பிடிச்சுட்டீங்களே!” என்று மெச்சினார்.

என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி சிறியது. ஆகையால் பாட்டில்கள் அவள் வீட்டில் இருந்தன.

கடந்த ஆவணியில் முகுந்தின் தாயார் வைஜயந்தி மாமி சென்னையிலிருந்து வந்தார்; மூன்று மாதம் தங்குவதாக ஏற்பாடு. நானும் ருக்மிணியும் மாமி வருமுன் பாட்டில்களை என் வீட்டுக்கு மாற்றினோம். ருக்மிணி மாமியை ‘அம்மா’ என்றே அழைப்பாள். மாமி என்னிடம் மிகுந்த பிரியம் காட்டினார். தனியாக இருக்கிறேன் என்று ரசமும் கூட்டும் கொடுத்தனுப்புவார். மூன்றாவது வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கே அழைத்தார். எனக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது. நல்ல புடவையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனேன்.

சாப்பாடு முடிந்தது. முகுந்த் சோபாவில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். மாமி மாலைக்கு அரைக்கக் கொத்தமல்லி தேடி, குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டை முதன்முறையாக முழுவதும் வெளியே இழுத்தார். அதன் பின்கோடியில், முருங்கைக்காய்களுக்கு அடியில், மராத்தி செய்தித்தாள் சுற்றிய ஒரு ரோஸே பாட்டில் இருந்தது. மாற்றும்போது அந்த ஒன்றை நாங்கள் மறந்துவிட்டிருந்தோம்.

மாமி தாளைப் பிரித்தார். லேபிளைப் படித்தார். “ருக்மிணி, இது என்னம்மா?” என்று மிக அமைதியாகக் கேட்டார்.

ருக்மிணிக்காகத்தான் பயந்தேன். மாமி அவளை என்ன சொல்வாரோ, முகுந்த் எப்படிச் சமாளிப்பாரோ என்று என் மனம் ஓடியது. ‘நண்பர்கள் கொடுத்தது’ என்று ஏதாவது சொல்லிவிட்டால் நானும் ஆமோதிக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

ருக்மிணி ஒரு நொடியும் தயங்கவில்லை.

“ஓ, அதுவா! அமலாவோடதும்மா. அவா கிறிஸ்டியன் இல்லையா, அவா சர்ச்லயே அது உண்டு. அவாத்து ஃப்ரிட்ஜ் சின்னது, வெச்சுக்கோன்னு குடுத்தா. நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?”

எங்கள் மாதா கோவிலில் பூசையின்போது திராட்சை இரசத்தை அருந்துபவர் குருவானவர் ஒருவரே. எங்களுக்குக் கிடைப்பது ஒரு மெல்லிய அப்பம். முப்பத்தெட்டு வயதுவரை நான் திராட்சை மதுவின் வாசனையைக்கூட அறிந்ததில்லை. என் வாயில் முதல் மிடறை ஊற்றியவள் யார் என்பது அந்த அறையில் இருந்த மூவருக்குத் தெரியும். நான் முகுந்தைப் பார்த்தேன். அவர் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார்.

மாமி என்னைப் பார்த்தார். இப்போது நினைத்தாலும் எனக்கு விளங்காதது இதுதான். மறுத்திருக்கலாம். ஆனால் பெரியவர் முன் தோழியைப் பொய்யாக்குவது எனக்கு அவமரியாதையாகத் தோன்றியது.

“ஆமாங்க மாமி. மன்னிச்சுக்கங்க” என்றேன்.

“அதனால என்னம்மா, ஒங்கவாளுக்கு அது பழக்கம். தப்பா சொல்லலே. ஆனா பெருமாளுக்குத் தளிகை பண்ற பாலும் தயிரும் இதுலதானே இருக்கு” என்றார் மாமி. குரலில் கோபமே இல்லை. பாட்டிலை விரல் நுனியால் பிடித்து ஒரு பைக்குள் இறக்கி என் காலடியில் வைத்தார். தட்டைக் கழற்றித் தேய்த்துக் கழுவினார். பிறகு எல்லோருக்கும் காபி கொண்டுவந்தார். மற்றவர்களுக்கு எவர்சில்வர் டபராவில் வந்தது. எனக்குக் கண்ணாடித் தம்ளரில் வந்தது.

ருக்மிணி அதைக் கவனித்தாள். பின் தன் காபியை ஆற்றத் தொடங்கினாள்.

அன்று மாலை அவளிடமிருந்து செய்தி வந்தது. “ஸாரி டீ, வேற வழி தெரியல. நீ புரிஞ்சுப்பேன்னு தெரியும். உன்னை யார் கேக்கப் போறா? பாட்டில் பத்திரம்!” கீழே மூன்று சிரிக்கும் முகங்கள். நான் பதில் எழுதவில்லை. அந்த வாரம் முழுவதும் அவளுக்காக நானே காரணங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் சொல்லியிருப்பாள், வாயில் வந்தது அது, மனதில் இருந்திருக்காது. மாமியிடம் அவளே ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிடுவாள், அப்படிச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். அதைக் கேட்டுவிடுவது என்று முடிவும் செய்தேன்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு ருக்மிணி வாழைக்காய்ப் பொடிமாஸ் டப்பாவோடு வந்தாள்.

“எங்க நம்ம ஹீரோயின்? எடு, எடு. அம்மா தூங்கறா, ஒரு மணி நேரம்தான் இருக்கு.”

பாட்டிலை மேசைமேல் வைத்தேன். திறக்கவில்லை.

“ருக்மிணி, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“கேளேன்.”

“மாமிகிட்ட அது என்னோடது மட்டும் இல்லைன்னு சொல்லிடேன். நீ குடிக்கிறேன்னுகூடச் சொல்ல வேணாம். சர்ச்சுல குடிப்பாங்கன்னு சொன்னியே, அது பொய்னு மட்டும் சொல்லு. போதும்.”

அவள் சிரித்தாள். “அரே, இதுக்கா ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருந்தே? எங்காத்துல தெரிஞ்சா பூகம்பம். உன்னைப் பத்திச் சொன்னா ஒரு ஹ்ம் போட்டுட்டுப் போயிடுவா. யாருக்கு என்ன நஷ்டம்?”

“எனக்குக் கண்ணாடித் தம்ளர்ல காபி வந்தது.”

“அம்மா அந்தக் காலத்து மனுஷி. அதைப் போய்ப் பெரிசா எடுத்துக்கறியே.”

“அவங்க அந்தக் காலம். நீ?”

ருக்மிணி டப்பாவைத் திறந்து மூடியை மேசைமேல் வைத்தாள். என்னைச் சமாதானப்படுத்தும் குரலில், மிகச் சாதாரணமாகச் சொன்னாள்.

“இங்க பாரு, இது ஒண்ணும் புதுசா சொன்னது இல்ல. போன தீபாவளிக்கு எங்கம்மா வந்தப்போ பால்கனில காலி பாட்டிலைப் பார்த்துட்டா. அப்பவும் இதைத்தான் சொன்னேன். முகுந்தோட அக்காகிட்டயும். யாராவது உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா? இல்லையே! அவா எல்லாரும் ஏற்கெனவே அப்படித்தான் நெனச்சுண்டிருக்கா, அமலு. அதான் ஈஸியா எடுபடறது.”

போன தீபாவளிக்கு அவள் தாயார் எனக்கு மருந்து லேகியம் கொடுத்தனுப்பியிருந்தார். முகுந்தின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசியிருந்தார். அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாக நினைவில் திரும்பப் பார்த்தேன்; அத்தனை கனிவும் வேறொன்றாகத் தெரிந்தது. ஒரு வாரமாக நான் தேடிச் சேர்த்த காரணங்களில் ஒன்றுக்கும் அங்கே இடமில்லை. அவள் பதறியிருக்கவே இல்லை. தேவைப்படும்போது எடுத்துக்கொள்ள, ஒரு வருடமாக அந்தப் பொய்யை அவள் தயாராக வைத்திருந்தாள். எத்தனை சனிக்கிழமைகள், என் எதிரே உட்கார்ந்து, ‘இதுக்கு என்ன போடலாம், அமலு?’ என்று கேட்டவள்.

“நாம ரெண்டு பேரும் சேர்ந்து குடிச்சோம். பேர் மட்டும் எனக்கு” என்றேன்.

“செண்டிமெண்ட் ஆகாதே, யார். தம்ளர் எடு. பொடிமாஸ் ஆறிடும்.”

நான் எழுந்து பாட்டிலை எடுத்தேன். துணியால் ஈரத்தைத் துடைத்தேன். அவளுடைய டப்பாவையும் மூடி, இரண்டையும் அவள் கைகளில் கொடுத்தேன்.

“இது உன் வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருந்தது. எடுத்துட்டுப் போ.”

“என்ன விளையாடறியா? இதை நான் எங்க கொண்டு போறது? அம்மா முழிச்சிண்டிருந்தா?”

“தெரியல.”

“அமலு, ப்ளீஸ். நீயே கொட்டிடு வேணும்னா. இங்கயே விட்டுட்டுப் போறேன்.”

“வேணாம். எடுத்துட்டுப் போ.”

என் வாழ்நாளில் வீட்டுக்கு வந்த ஒருவரையும் சாப்பிடாமல் அனுப்பியதில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னை நம்ப முடியாதவள் போலப் பார்த்தாள். துப்பட்டாவின் ஒரு முனையால் பாட்டிலை மூடிக்கொண்டு வெளியே போனாள். நான் கதவைச் சாத்தினேன்.

லிஃப்ட் வந்த ஓசை கேட்டது. கதவு திறந்து, யாரையும் ஏற்றிக்கொள்ளாமல் மூடிக்கொண்டு போயிற்று. சிறிது நேரத்துக்குப் பின் மறுபடியும் வந்து, மறுபடியும் போயிற்று. அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். “அமலு” என்று ஒருமுறை மெதுவாகக் கூப்பிட்டாள். அக்கம்பக்கத்தார் காதில் விழாத அளவுக்கு மெதுவாக.

நான் சமையலறைக்குச் சென்று, ஒருவருக்கு மட்டும் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.