ஒரே கை வண்டி

அந்த அம்மா போர்வையை உருவியதும் மெக்கானிக் தரையில் குந்தி முன்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தான். மாடிப்படிக்குக் கீழே, காலி சிலிண்டருக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவில் வண்டி நின்றது. "பதினோரு மணிக்குள்ள முடிச்சிடுங்க தம்பி" என்று அவள் இரண்டாவது முறையாகச் சொன்னாள். கணவர் தன் தம்பியோடு ஆஸ்பத்திரிக்குக் கை கால் பயிற்சிக்குப் போயிருக்கிறாராம்.

கிடங்கில் இரண்டு வருஷம் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் போன மாதம் நின்றுவிட்டேன். பகலில் தூக்கம் வராது, வேலையில் வரும். நாளைக் காலை கூரியர் வேலையில் சேர வேண்டும். சொந்த வண்டி இல்லாமல் போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். புது வண்டி கைக்கு வரப் பதினைந்து நாள் ஆகும் என்று கடையில் சொன்னார்கள். பள்ளியில் கூடப் படித்த மெக்கானிக்குக்கு, நான் பழைய வண்டி வாங்கக் கிளம்பியதில் ஏக மகிழ்ச்சி.

"புதுசு வாங்கினா முதல் கீறலுக்கு ஒரு வாரம் சோறு எறங்காது மாப்ள. இதுல அந்த அழுகைய ஏற்கெனவே ஒருத்தர் அழுது முடிச்சிட்டாரு. இஞ்சின் நல்லாப் பழகியிருக்கும். என்ன சீக்கு வரும்னு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். புதுசுங்கிறது கல்யாண மாப்பிள்ளை மாதிரி, ஆறு மாசம் போனாத்தான் குணம் தெரியும். இது சிங்கிள் ஓனர் வேற. ஒரே கை ஓட்டுன வண்டி."

"ஆமா, ஒரே கைதான்" என்றாள் அவள்.

அவன் ஹேண்டில்பாரைப் பிடித்தவன் அப்படியே நின்றான். "எட்டு மாசமா ஓடலங்கிறீங்க. டயர் தரையோட ஒட்டிக் கெடக்கு, சரி. கிளட்ச் லிவர் மட்டும் எப்படிக்கா இப்படித் தேஞ்சு பளபளன்னு இருக்கு?"

அவள் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

"அவருக்கு இடது பக்கம் இழுத்துக்கிச்சு. கைக்குப் பந்தை அமுக்கச் சொன்னாங்க. பந்து வேணாம்னு தெனம் இங்க வந்து உட்கார்ந்து இதைப் பிடிப்பாரு. மொதல்ல ஒரு விரல்கூட மடங்கல. போன வாரம் முழுசாப் பிடிச்சிட்டாரு. என் கொழுந்தன் தெருவுக்கே மிட்டாய் குடுத்தாரு."

"நல்ல விஷயம்தானேக்கா."

"அன்னைக்குச் சாயந்திரம் இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்து, என் பேரு சரியா இருக்கான்னு பார்க்கச் சொன்னாரு. விபத்துன்னா ரெட்டிப்பாக் கிடைக்குமாம். இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் உனக்கு என்னைத் தூக்கி எறக்குற வேலை இல்லைன்னாரு. எட்டு மாசத்துல அன்னைக்குத்தான் அவரு சிரிச்சுப் பார்த்தேன்."

மெக்கானிக் அதற்குமேல் வண்டியைப் புகழவில்லை. நான்தான் கேட்டேன்: "வண்டி விக்கிற பேப்பர்ல அவரு கையெழுத்து?"

"அவரு போட்டதுதான். ஆஸ்பத்திரிப் பேப்பருக்கு நடுவுல வெச்சு வாங்கிட்டேன்."

எனக்கு வண்டி வேண்டியிருந்தது பிழைப்புக்கு. அவருக்கு வேண்டியிருந்ததும் இந்த வீட்டின் பிழைப்புக்குத்தான் என்று தோன்றியது. தோன்றியதை அங்கேயே போட்டுவிட்டு, பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

மெக்கானிக் டயருக்குக் காற்றடித்தான். வண்டியை வாசல்வரை தள்ளியிருப்போம். ஆட்டோ வந்து நின்றது. பத்தரைதான் ஆகியிருந்தது. தம்பி தாங்கிப் பிடிக்க அவர் இறங்கினார். பெரிய உடம்பு, வற்றிய முகம். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாக மனைவியைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

"மழையில கொஞ்சம் இருமும். சோக்கை இழுத்து விட்டாச் சரியாப் போயிடும்" என்றார். நாக்கு இழுத்தது. பிறகு, "ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிட்டுத் தரேன் தம்பி" என்று வலது கையை நீட்டினார்.

அவருடைய தம்பிக்கு முகமெல்லாம் பல். "ஓட்டட்டும் அண்ணி. கைதான் வந்துடுச்சே. நான் பின்னாடி உட்கார்ந்துக்கிறேன்."

"நீ வேணாம்டா. நான் மட்டும்" என்றார் அவர்.

அவள் வாய் திறக்கவில்லை. திறந்தால் கொழுந்தனிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அவரை வைத்துக்கொண்டே சொல்ல வேண்டும். நீட்டிய கையை அவர் இறக்கவில்லை.

"வண்டி இப்ப என்னோடது சார். யாருக்கும் தர்றதில்ல" என்றேன்.

"நீயெல்லாம் மனுசனாய்யா? ஒரு ரவுண்டுதானே கேட்டாரு" என்றான் தம்பி. மெக்கானிக் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கிக்கரை உதைத்தேன். நாலாவது உதைக்கு இஞ்சின் பிடித்தது. மெக்கானிக் பின்னால் ஏறிக்கொண்டான். தெருவில் இறங்கும்வரை தம்பி திட்டுவது கேட்டது.

கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். அவர் எங்களைப் பார்க்கவில்லை. தெருவின் இந்த முனையையும் அந்த முனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு லாரி அவரைக் கடந்து போனது. அவள் உள்ளே நின்று கேட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு காலை வெளியிலேயே வைத்திருந்தார்.