லிபுஷேயின் பூட்ஸ் தடம்

செக் நாட்டு ஓலொமௌட்ஸ் நகரில் பனி விழும் நாளெல்லாம், தோல்காரர் தெரு ஒன்பதாம் எண் வீட்டு வாசலிலிருந்து ஒரு பெண்ணின் பூட்ஸ் தடங்கள், நடக்க ஆளில்லாமலே, புறப்பட்டு ரயில் நிலையம் வரை போகும். இடது குதிகால் கொஞ்சம் தேய்ந்த தடம். பெருக்கினால் கால் மணி நேரத்தில் மறுபடி விழும். நகராட்சிக்காரர்கள் இரண்டு குளிர்காலம் உப்புப் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். மணிக்கூண்டைப் பார்க்க வந்து வழி தவறும் வெளியூர்க்காரர்களுக்கு அது சௌகரியம்தான். "அந்தத் தடத்தைப் புடிச்சே போங்க, ஸ்டேஷன்ல கொண்டு விட்டுடும்" என்று எதிர் ரொட்டிக்கடை யர்மிலா சொல்லி அனுப்புவாள்.

அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் ஒன்பதாம் எண் வீட்டு வோய்தெக்குக்கு முகம் சுண்டிப்போகும். தடம் அவருடைய தங்கை லிபுஷேயினுடையது. எங்கள் ஊரில் விருந்தாளி பூட்ஸைக் கழற்ற வாசலில் குனிந்தால், "கழட்ட வேணாம், அப்படியே வாங்க" என்று வீட்டுக்காரர் சொல்லியாக வேண்டும். விருந்தாளி அதைக் காதில் வாங்காமல் கழற்றியாக வேண்டும். அம்மா இறந்த வருடம், ரயிலில் நின்றுகொண்டே வந்த களைப்பில், லிபுஷே அண்ணன் சொன்னதை நம்பிவிட்டாள். அம்மா நெய்த கம்பளத்தின் மேல் சேறும் பனியுமாக நடந்தாள்.

"மாட்டுக் கொட்டகைன்னு நெனச்சியா?" என்றார் வோய்தெக்.

"நீதானே வரச் சொன்னே?" என்றவள், அதே பூட்ஸோடு திரும்பிப் போய்விட்டாள்.

பத்தொன்பது குளிர்காலம் போயிற்று. ஒவ்வொன்றிலும் அவர் ஒரு ஜோடி வீட்டுச் செருப்பை வெந்நீர்க் குழாயின் மேல் சூடாக வைத்திருந்தார். கடிதம் மட்டும் எழுதவில்லை. பிறகு ஒரு ஜனவரியில் அவளிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. மகனோடு இருக்கக் கனடாவுக்கே போகிறாளாம். சனிக்கிழமை ஓலொமௌட்ஸில் ரயில் மாற இரண்டு மணி நேரம் இருக்கிறதாம். வருவேன் என்று எழுதவில்லை.

சனிக்கிழமை டிராம் தண்டவாளம் தெரியாதபடி பனி கொட்டியது. ரயில் நிலைய வாசலில் லிபுஷே தன் தடத்தை அடையாளம் கண்டு, அதன் மேலேயே கால் வைத்து எதிர்த்திசையில் நடந்தாள். மிதித்த தடம் ஒவ்வொன்றும் அழிந்தது.

"ஸ்டேஷன் அந்தப் பக்கம்மா!" என்று கத்தினாள் யர்மிலா.

"தெரியும், அங்கேருந்துதான் வர்றேன்."

தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. பழக்கதோஷம், "கழட்ட வேணாம், அப்படியே வா" என்று வோய்தெக்கின் வாய் சொல்லிவிட்டது. எதிர்க்கடையில் யர்மிலா ரொட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"இந்தத் தடவை நம்ப மாட்டேண்ணே" என்றாள் லிபுஷே.

"நம்பாதே, நம்பாதே. செருப்பு சூடா இருக்கு."

பூட்ஸ் முடிச்சு உறைந்திருந்தது. வோய்தெக் பனியில் மண்டியிட்டு அவிழ்த்தார். ரயில் அவளில்லாமல் போயிற்று. அடுத்த வாரம்தான் கனடாவுக்குக் கிளம்பினாள்.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் அந்தத் தடம் ரயில் நிலையத்தில் தொடங்கி ஒன்பதாம் எண் வாசலில் முடிகிறது. விவரம் தெரியாத வெளியூர்க்காரர்கள் பழைய பேச்சை நம்பி அங்கே வந்து நிற்கிறார்கள். "கழட்ட வேணாம், அப்படியே வாங்க" என்கிறார் வோய்தெக். அயல்நாட்டார் சிலர் நம்பியும் விடுகிறார்கள். அவர்களுக்கும் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் துடைப்பானை எடுக்கிறார்.