ஷ்லோமோவின் எந்த மகன்?

"பேரு சொல்லுங்கம்மா. இறந்தவர் பேரு, அவரோட அப்பா பேரு," என்றார் அடக்கக் குழுவின் தாடிக்காரர். குழுவைச் சேர்ந்த பெண்ணொருத்தி அப்போதுதான் சாவு வழக்கப்படி அம்மாவின் சட்டைக் கழுத்தைக் கத்தியால் கீறிவிட்டு நகர்ந்திருந்தாள். மீதியை அம்மா தன் கையாலேயே கிழித்துக்கொண்டிருந்தாள்.

"மென்டல். ஷ்லோமோவோட மகன் மென்டல்."

"இல்லம்மா," என்றாள் ஹதாஸ்.

தாடிக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தார். அம்மா ஸிப்போரா மகளின் முழங்கையைப் பிடித்து, கை கழுவும் குழாய்கள் இருந்த சுவருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். அம்மாவைப் பெற்ற தாத்தாவின் மூச்சு நின்றது காலையில்தான். ஹைஃபாவின் யூதர்கள் பிணத்தைக் காக்க வைக்க மாட்டார்கள், பெட்டியும் கிடையாது. மதியத்துக்குள் அவரைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, தூக்குப் படுக்கையில் கிடத்தியிருந்தார்கள். அடுத்த சாவு வீட்டுக்காரர்கள் இடுகாட்டு வாசலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி இல்லை?"

"அவர் மென்டல் இல்லம்மா. அவர்தான் ஃபைவெல்."

மென்டல் அண்ணன், ஃபைவெல் தம்பி. அண்ணன் பிழைத்து வந்தான், தம்பி போலந்தில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவின் சுவருக்குள்ளேயே செத்துப்போனான். இதுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் தாத்தா ஃபைவெலுக்காக விளக்கேற்றுவார். ஊரில் பாதிப் பள்ளிக்கூடங்கள் இந்தக் கதையை அவர் வாயால் கேட்டிருக்கின்றன. இப்போதும் அப்படிக் கேட்ட ஒரு வகுப்பே ஆசிரியையோடு பஸ்ஸில் வந்து, வெள்ளைச் சட்டையில் வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

"மாத்திரை மயக்கத்துல ஏதாவது ஒளறியிருப்பார்," என்றாள் அம்மா.

"மாத்திரை சாப்பிட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரும்மா."

கெட்டோவிலிருந்தும் முகாம்களிலிருந்தும் தப்பிப் பிழைத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் கதையை இளையவர்கள் மனப்பாடமாகக் கற்று, அவர்களுக்குப் பிறகும் பள்ளிகளில் போய்ச் சொல்வதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. ஹதாஸ் தாத்தாவின் கதையை எடுத்துக்கொண்டாள். அவர் சமையலறையில், எலுமிச்சை பிழிந்த தேநீருக்கு முன்னால் உட்கார்ந்து ஒப்பிப்பாள். அவரோ பரீட்சை நடத்துகிற வாத்தியார் மாதிரி ஒரு சொல் விடாமல் திருத்துவார். "ரொட்டிய வெட்டினோம்னு சொல்லாதே. கத்தி ஏது எங்களுக்கு? நூலால அறுத்தோம்." போன மாதம், "என் தம்பி ஃபைவெலைப் பிணவண்டியில ஏத்திட்டுப் போனாங்க" என்று அவள் சொன்னபோது கிழவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வண்டியில போனது மென்டல்," என்றார். "நான்தான் ஃபைவெல்."

பூட்ஸ் தைக்கும் பட்டறையில் மென்டலுக்கு வேலை இருந்தது, அதற்கொரு அட்டையும் இருந்தது. பெயரும் வயதும் மட்டும் எழுதிய, படமில்லாத அட்டை. அட்டை இல்லாத பிள்ளைகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்த வாரத்தில்தான் மென்டல் காய்ச்சலில் செத்தான். தாய் வாய்விட்டு அழவில்லை. அழுதால் பக்கத்து அறைக்குக் கேட்டுவிடும். விடிந்ததும் வண்டிக்காரனிடம் சின்னவன் போய்விட்டான் என்றாள். மென்டலின் கோட்டைச் சின்னவனுக்கு மாட்டி, அட்டையைக் கையில் கொடுத்து, "இனிமே எவன் ஃபைவெல்னு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காதே" என்று அனுப்பினாள். பட்டறையில் எல்லோருக்கும் மென்டலைத் தெரியும். கோட்டுக்குள் தொளதொளவென்று வந்து நின்ற பையனைப் பார்த்தார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"போர் முடிஞ்சப்புறம் மாத்தியிருக்கலாமே தாத்தா?"

"நான் ஃபைவெலத் திருப்பி எடுத்துக்கிட்டா மென்டல் செத்துப்போவானே," என்றார் கிழவர். "அதான் எடுக்கல. ஆனா பாரு, அவனுக்கு இன்னிக்கு வரைக்கும் யாருமே கடிஷ் சொன்னதில்ல. எல்லாம் எனக்கேதான் சொல்லிக்கிட்டேன். மேல என் பங்கு நெறஞ்சு வழியும்." சிரித்தார். பிறகு, அப்படியே சிரித்த முகமாக அழுதார். கடிஷ் என்பது செத்தவருக்காக வீட்டு ஆண் சொல்லும் பிரார்த்தனை. தன்னைத் தன் பெயரில் புதைக்க வேண்டும், அண்ணனுக்கு ஒரு தடவையாவது கடிஷ் சொல்ல வேண்டும், அதுவரை அம்மாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இவ்வளவையும் ஹதாஸ் குழாயடியில் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள். அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. ஆனால் குரலில் கோபம்தான் முதலில் வந்தது.

"நெசமாவே இருக்கட்டும். அங்க நிக்கிற பிள்ளைங்களப் பாத்தியா? நாளைக்கு எவனாவது எழுதுவான். கிழவனோட பேரே பொய், அப்போ அவன் சொன்னதும் பொய், முகாமும் பொய், புகையும் பொய்னு. இப்படி ஒண்ணு கிடைக்காதான்னு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டுக் காத்திருக்கானுங்க. நீயே எடுத்து ஊட்டப் போறியா?"

ஒரு மாதமாக ஹதாஸைத் தூங்கவிடாத பயமும் இதேதான். ஆனாலும் தாத்தாவுக்குக் கொடுத்த வாக்கு இருந்தது.

"அம்மா, கூப்பிடறாங்க," என்றபடி ஹதாஸின் தம்பி சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தான். வளர்த்தியான பதினாறு வயதுப் பையன், தலையில் தொப்பி நிற்காமல் கையால் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் பெயரும் ஃபைவெல்தான். அம்மா வைத்த பெயர்.

அம்மா அவனையே பார்த்தாள். அவர்கள் வழக்கத்தில் பிள்ளைக்குச் செத்துப்போன சொந்தத்தின் பெயரைத்தான் வைப்பார்கள். உயிரோடிருப்பவர் பெயரை வைப்பது பெரிய பிழை. மரண தூதன் குழம்பிப் போய் ஆள் மாற்றித் தூக்கிவிடுவான் என்று பயம். இவன் பிறந்தபோது தாத்தா அம்மாவிடம் கெஞ்சாத குறை. வேறு எந்தப் பெயர் வேண்டுமானாலும் வை, அந்தப் பெயர் மட்டும் வேண்டாம் என்றார். செத்த தம்பியின் நினைப்புத் தாங்கவில்லை என்று அம்மா எடுத்துக்கொண்டாள். அவர் மனம் குளிரட்டும் என்றே பிடிவாதமாக அதை வைத்தாள். எட்டாம் நாள் சடங்கில் பிள்ளை அவர் மடியில் இருந்தது. பெயரைச் சொன்னதும் அவர் உடம்பு ஆடிய ஆட்டத்தில் பிள்ளையை யாரோ பாய்ந்து வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பையனுக்குச் சின்னக் காய்ச்சல் வந்தாலும் கிழவர் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். யார் சொன்னாலும் எழுந்து போகமாட்டார்.

"உயிரோட இருந்தவர் பேரையா..." என்றாள் அம்மா. "எம்புள்ளைக்குப் பதிலா தன்னக் கூட்டிட்டுப் போகட்டும்னுதான் அங்க உக்காந்திருந்தாரா?"

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, துடைக்காமலேயே தாடிக்காரரிடம் நடந்தாள்.

"ஃபைவெல். ஷ்லோமோவோட மகன் ஃபைவெல்."

"ஆஸ்பத்திரிக் காகிதத்துல மென்டல்னு இருக்கேம்மா."

"காகிதத்தையா பொதைக்கப் போறீங்க?"

மனிதர் இதைவிட விநோதமான வீடுகளையெல்லாம் பார்த்தவர். தோளைக் குலுக்கிவிட்டு நடந்தார். குழிக்குள் உடலை இறக்கியதும் குனிந்து உரக்கச் சொன்னார்: "ஷ்லோமோவின் மகன் ஃபைவெலே, உன் மரியாதைக்குக் குறைவாக நாங்கள் ஏதாவது செய்திருந்தால் எங்களை மன்னித்துவிடு." தன் பெயர் குழியை நோக்கிப் போவதைக் கேட்ட பையனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மண் தள்ளி முடிக்கும்வரை அந்தப் பிடியை விடவில்லை.

வெள்ளைச் சட்டைக்காரர்களிடையே சலசலப்பு. "ஃபைவெல் அவரு தம்பியாச்சே? செத்துட்டான்னு சொன்னாரே?" என்றாள் ஒரு பெண். ஆசிரியை அவளை அடக்கப் பார்த்தார். ஹதாஸ் மனப்பாடம் செய்த கதையில் ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை.

"வண்டியில போனது மென்டல்," என்றாள். மற்றதெல்லாம் பின்னும் முன்னுமாக வந்தது. கோட்டு வந்தது, அதற்குப் பிறகு அட்டை, அழாத தாய், கடைசியில்தான் காய்ச்சல். நடுவில் அழுகை வந்தது, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"அப்போ எங்ககிட்ட வந்து பொய் சொன்னாரா?" என்று கேட்டான் ஒருவன். கெட்ட பையனில்லை. உண்மையாகவே மனம் புண்பட்டுப் போயிருந்தான்.

"பேரப் பொய்யாத்தான் சொன்னாரு. அந்தப் பொய் இல்லேன்னா நான் இல்ல, எங்கம்மா இல்ல. நீங்க வெளிய சொல்லும்போது இதையும் சேத்துச் சொல்லணும். ஒளிக்கக் கூடாது. எவனாவது கிழவன் பொய்யன்னு சொன்னா, பன்னெண்டு வயசுப் பையன் செத்த அண்ணன் பேர்ல ஏன் வேலைக்குப் போனான்னு அவனயே கேளுங்க."

அந்தப் பையன் தலையாட்டினான். நம்பினானா என்பது ஹதாஸுக்குத் தெரியவில்லை.

தம்பி கடிஷைத் தட்டுத்தடுமாறிப் படித்தான். முடிந்ததும் ஆட்கள் வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள்.

"இன்னொரு தடவ," என்றாள் அம்மா. "மென்டலுக்கு."

கடிஷ் சொல்லப் பத்து ஆண்கள் வேண்டும். தாடிக்காரர் வாசலில் காத்திருந்த அடுத்த சாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கைதட்டி, போனவர்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டார். இந்த முறை தம்பியின் குரல் கொஞ்சம் நேராக வந்தது. "ஆமென்" என்று பள்ளிப் பிள்ளைகள்தான் உரக்கச் சொன்னார்கள்.

அதற்குள் ஓர் ஊழியர், காலையிலேயே எழுதி வைத்திருந்த தகரப் பலகையைக் கொண்டுவந்து மண்மேட்டின் தலைமாட்டில் குத்திவிட்டிருந்தார். மென்டல், ஷ்லோமோவின் மகன்.

"அய்யோ, மன்னிச்சுக்குங்கம்மா," என்று தாடிக்காரர் அதைப் பிடுங்கக் குனிந்தார். "மாத்தி எழுதிக் கொண்டாறேன்."

"இருக்கட்டும். எடுக்காதீங்க."

"தப்பான பேரும்மா."

"தப்பில்ல," என்றாள் அம்மா. "மென்டலுக்குன்னு எங்கயுமே ஒரு கல்லறை இல்ல."

அவர் போய்த் தன் காரிலிருந்து ஓர் அட்டையை எடுத்துவந்து, பட்டைப் பேனாவால் இன்னொரு பெயரையும் எழுதி, தகரத்துக்குப் பக்கத்தில் செருகினார். கடல் காற்றில் அது உடனே சாய்ந்தது. தம்பி மண்ணில் மண்டியிட்டு அதை நிமிர்த்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஹதாஸ் முட்டுக் கொடுக்கக் கல் தேடிப் போனாள்.